முதல் ஜாஸ் இசைத்தட்டு 1917-இல் வந்தது என்பது எந்த அளவுக்குச் சரி?

மழைத்தாரை எழுதியது:

வணக்கம் நண்பர்களே. கொஞ்ச நாளாகப் பழைய ஜாஸ் கேட்டு வருகிறேன். தொடக்கத்திலிருந்து வரிசையாகக் கேட்கலாம் என்று பார்த்தால், எந்தப் பட்டியலிலும் முதல் பெயர் ஒன்றுதான்: ஒரிஜினல் டிக்ஸிலேண்ட் ஜாஸ் பேண்ட், விக்டர் நிறுவனம், 1917, ‘லிவரி ஸ்டேபிள் புளூஸ்’. கேட்டேன். கிளாரினெட் சேவலாகக் கூவுகிறது, கார்னெட் (டிரம்பெட் மாதிரியான சிறிய ஊதுவாத்தியம்) குதிரையாகக் கனைக்கிறது, டிராம்போன் மாடாகக் கத்துகிறது. உற்சாகமாகத்தான் இருக்கிறது. ஆனால் அடுத்து கறுப்பினக் கார்னெட் கலைஞர் கிங் ஆலிவர் குழுவின் 1923 தட்டுகளுக்குப் போனபோது வேறு உலகத்துக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது.

என் கேள்வி இதுதான். இந்த இசை நியூ ஆர்லியன்ஸ் நகரத்துக் கறுப்பின மக்களிடம் வளர்ந்தது என்று எல்லாப் புத்தகங்களும் சொல்கின்றன. அப்படியிருக்க முதல் தட்டு எப்படி ஐந்து வெள்ளைக்காரர்களுடையதாக ஆனது? ஆலிவர் மாதிரியான ஒருவர் ஏன் இன்னும் 6 வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது? 1917-க்கு முன்னால் யாருமே பதிவு செய்யவில்லையா?

ஊசிமுனை எழுதியது:

நல்ல கேள்வி, தம்பி. முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், விவாதத்தை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

ஐந்து பேரும் நியூ ஆர்லியன்ஸ்காரர்கள். நிக் லராக்கா கார்னெட், லாரி ஷீல்ட்ஸ் கிளாரினெட், எடி எட்வர்ட்ஸ் டிராம்போன், ஹென்றி ரேகஸ் பியானோ, டோனி ஸ்பார்பரோ டிரம்ஸ். அந்த ஊரில் ‘பாப்பா’ ஜாக் லேன் என்பவர் ஒரே நேரத்தில் பல குழுக்களை நடத்திவந்தார். அந்த வட்டத்தில் வளர்ந்தவர்கள் இவர்கள். 1916-இல் சிகாகோவுக்குப் போனார்கள். 1917 ஜனவரியில் நியூயார்க்கில் ரைசன்வெபர் என்ற பெரிய உணவு விடுதியில் நடனத்துக்கு வாசிக்கும் வாய்ப்பு கிடைத்தது. சில வாரங்களில் நகரம் முழுக்க இவர்கள் பேச்சாக இருந்தது. நகரத்தில் எதைப் பற்றிப் பேச்சு கிளம்பினாலும் அதைத் தட்டாக்கி விற்பதுதான் இசைத்தட்டு நிறுவனங்களின் தொழில். 1917 பிப்ரவரி 26 அன்று விக்டர் இவர்களைத் தன் நியூயார்க் ஸ்டூடியோவுக்கு அழைத்து இரண்டு பாட்டுகளைப் பதிவு செய்தது. ஒன்று ‘லிவரி ஸ்டேபிள் புளூஸ்’, மற்றது ‘டிக்ஸிலேண்ட் ஜாஸ் பேண்ட் ஒன் ஸ்டெப்’. தட்டின் எண் விக்டர் 18255. பத்து லட்சத்துக்கு மேல் விற்றது என்று காலங்காலமாகச் சொல்லப்படுகிறது. அந்தக் கணக்கு எப்படியிருந்தாலும், நாடு முழுவதும் போய்ச் சேர்ந்த முதல் ஜாஸ் தட்டு அதுதான். அதில் சந்தேகம் வேண்டாம்.

கூடவே சுற்றும் இன்னொரு கதையையும் இங்கேயே தீர்த்துவிடலாம். விக்டருக்கு முன்பே, ஜனவரியில் கொலம்பியா நிறுவனம் இவர்களைப் பதிவு செய்து, சத்தத்தைக் கேட்டு மிரண்டுபோய், தட்டை வெளியிடாமல் கிடப்பில் போட்டது என்பார்கள். பல பழைய புத்தகங்களில் இது இருக்கிறது. ஆனால் ‘டார்க்டவுன் ஸ்ட்ரட்டர்ஸ் பால்’, ‘இண்டியானா’ என்ற அந்த இரண்டு பதிவுகளின் எண்களைக் கொலம்பியாவின் மற்ற பதிவு எண்களோடு வைத்துப் பார்த்தால் அவை 1917 மே 31-ஐச் சேர்ந்தவை. விக்டர் தட்டு ஓடுகிறது என்று தெரிந்த பிறகு கொலம்பியா செய்த வேலை அது.

இனி என் கருத்து. ‘முதல் தட்டு’ என்ற பட்டம் ஒரு கம்பெனியின் முடிவைப் பற்றிய செய்தி. இசை எப்போது பிறந்தது, யாரிடம் பிறந்தது என்பதற்கு அதை ஆதாரமாக வைக்க முடியாது. பட்டியல் போடுகிறவர்கள் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிடுகிறார்கள். உங்களுக்கு வந்த குழப்பத்துக்கும் அதுதான் காரணம்.

தெற்குவாசல் எழுதியது:

ஊசிமுனை ஐயா சொன்னதோடு உடன்படுகிறேன். ஆனால் 1917-க்கு முன்னால் யாரும் இல்லையா என்ற கேள்வியை அப்படியே விட்டுவிடக்கூடாது.

ஜேம்ஸ் ரீஸ் யூரோப் என்ற பெயரைத் தேடிப் பாருங்கள். நியூயார்க்கில் கறுப்பினக் கலைஞர்களுக்காக கிளெஃப் கிளப் என்ற சங்கத்தை 1910-இல் கட்டியவர்களில் முதன்மையானவர். 1912 மே மாதம் அந்தச் சங்கத்தின் பெரிய வாத்தியக் குழுவை கார்னகி ஹாலில் மேடையேற்றினார். அன்றைய புகழ்பெற்ற நடன ஜோடியான வெர்னன், ஐரீன் காசில் தம்பதிக்கு வாசித்ததும் இவர் குழுதான். அந்தப் புகழால் விக்டரே இவரைத் தேடி வந்தது. 1913 டிசம்பர் 29-இல் முதல் பதிவு, 1914 பிப்ரவரியில் இன்னொன்று. கறுப்பினத்தவர் நடத்திய ஒரு வாத்தியக் குழு இவ்வளவு பெரிய நிறுவனத்தில் ஒப்பந்தம் போட்டுப் பதிவு செய்தது அதுவே முதல்முறை.

அதில் ‘டவுன் ஹோம் ராக்’ பதிவை ஒரு தரம் கேளுங்கள். மூச்சு முட்டும் வேகம். நடுவில் குழுவினர் கத்துகிறார்கள். பட்டி கில்மோரின் டிரம்ஸ் மற்ற வாத்தியங்களைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே போகிறது. ஏட்டில் எழுதி வைத்ததை அப்படியே வாசித்தால் இந்தச் சூடு வராது.

அந்தப் பாட்டை எழுதியவர் வில்பர் ஸ்வெட்மன், இன்னொரு கறுப்பினக் கிளாரினெட் கலைஞர். மூன்று கிளாரினெட்டை ஒரே நேரத்தில் வாயில் வைத்து வாசிக்கும் வித்தைக்காகப் பேர்போனவர். அதனாலேயே அவரை வெறும் வேடிக்கைக்காரர் என்று பலர் ஒதுக்கிவிட்டார்கள். அவரும் இதே பாட்டை எமர்சன் நிறுவனத்துக்காக 1916 டிசம்பரில் பதிவு செய்தார். விக்டர் அந்த ஐவரைக் கூப்பிடுவதற்கு முன்பு! அதில் கிளாரினெட் மெட்டை விட்டு விலகி விளையாடுகிற இடங்கள் உண்டு. இதை ஜாஸ் என்று சொல்லலாமா, ஜாஸுக்கு முந்தைய நடன இசையான ராக்டைமின் கடைசிப் படி என்று சொல்லலாமா என்று சண்டை போடலாம். இல்லாததுபோல் நடந்துகொள்வதுதான் தவறு.

கிளாரினெட்பிரியன் எழுதியது:

சண்டைக்கு நான் வருகிறேன் :)

யூரோப் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் 1913 பதிவில் என்ன நடக்கிறது? வயலின்களும் பாஞ்சோக்களும் கார்னெட்டும் கிளாரினெட்டும் பெரும்பாலும் ஒரே மெட்டைச் சேர்ந்து வாசிக்கின்றன. ராக்டைம் நடன வாத்தியக் குழு, மிகச் சிறந்த குழு, அவ்வளவுதான். 1917 தட்டில் வேறொன்று நடக்கிறது. கார்னெட் மெட்டைப் பிடித்துக்கொள்கிறது. கிளாரினெட் அதற்கு மேலே தன் பாட்டுக்குச் சுற்றிச் சுற்றி ஓடுகிறது. டிராம்போன் கீழே இழுத்து இழுத்து இரண்டையும் கட்டிப்போடுகிறது. மூன்று குரல், மூன்று வழி, ஒரே பாட்டு. நியூ ஆர்லியன்ஸ் பாணி என்றால் அதுதானே? தட்டில் அது முதலில் கேட்பது இங்கேதான்.

லாரி ஷீல்ட்ஸை மட்டும் தனியாகக் கவனித்துக் கேளுங்கள். சேவல் கூவலை விடுங்கள், மறுபக்கத்தில் இருக்கிற ‘ஒன் ஸ்டெப்’பைப் போடுங்கள். அந்தச் சுத்தமான ஓட்டத்தைக் கேட்டுத்தான் அடுத்த தலைமுறையில் பல பேர் கிளாரினெட்டைக் கையில் எடுத்தார்கள்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். இவர்கள் மேடையிலும் தட்டிலும் வாசித்தது பெரும்பாலும் முன்பே ஒத்திகை பார்த்து முடிவு செய்தது. அந்தந்த நேரத்துக் கற்பனை குறைவு. அப்புறம் லராக்கா பிற்காலத்தில் பேசியது. ஜாஸ் வெள்ளையர் கண்டுபிடிப்பு, கறுப்பினத்தவருக்கு அதில் பங்கே இல்லை என்று முதுமையில் கடிதம் கடிதமாக எழுதித் தள்ளினார். பொய், அதிலும் மிகக் கேவலமான பொய். பக்கத்துத் தெருவில் கேட்டு வளர்ந்த இசையை இப்படி மறுத்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை. ஆனால் அவர் 70 வயதில் எழுதிய கடிதத்தின் கோபத்தை அவருடைய 27 வயதுத் தட்டின் மேல் காட்டவும் மனம் வரவில்லை.

மழைத்தாரை எழுதியது:

மிக்க நன்றி. யூரோப் பதிவைக் கேட்டுவிட்டேன், தெற்குவாசல் அண்ணா. அந்தக் கத்தல் வருகிற இடம் அபாரம்.

இன்னொரு சந்தேகம். ஃப்ரெடி கெப்பார்ட் என்ற கறுப்பினக் கார்னெட் கலைஞரைத்தான் விக்டர் முதலில் கேட்டது, தன் வாசிப்பை மற்றவர்கள் திருடிவிடுவார்கள் என்று பயந்து அவர் மறுத்துவிட்டார் என்று ஓரிடத்தில் படித்தேன். உண்மையா?

ஊசிமுனை எழுதியது:

இந்தக் கதையை எல்லோருக்கும் பிடிக்கும். அதனால்தான் இதில் ஜாக்கிரதை தேவை.

கெப்பார்ட் பெரிய கலைஞர். பட்டி போல்டனுக்குப் பிறகு நியூ ஆர்லியன்ஸில் கார்னெட்டின் ‘ராஜா’ என்று பேர் வாங்கியவர். (போல்டனின் ஒரு சுருதிகூட நமக்குக் கிடைக்கவில்லை. 1907-இல் மனநல மருத்துவமனைக்குப் போனவர் வெளியே வராமலே 1931-இல் இறந்தார். அவர் ஒரு மெழுகு உருளையில் வாசித்தார் என்று ஒரு பேச்சு உண்டு, அந்த உருளையை யாரும் கண்டதில்லை.) கெப்பார்ட் இருந்த ஒரிஜினல் கிரியோல் ஆர்க்கெஸ்ட்ரா 1914 முதல் சில வருடங்கள் அமெரிக்கா முழுவதும் நாடக மேடைகளில் சுற்றி வந்தது. ஆக டிக்ஸிலேண்ட் ஐவர் நியூயார்க் போவதற்கு முன்பே இந்த இசை அங்கெல்லாம் ஒலித்துவிட்டது.

விரல் அசைவை யாரும் பார்க்கக்கூடாது என்று கைமேல் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டு வாசிப்பார் என்ற கதை இவரைப் பற்றியதுதான். ‘திருடிவிடுவார்கள்’ என்று விக்டரை மறுத்த கதையும் அதே அச்சில் வார்த்தது. ஆனால் குழுவில் இருந்தவர்கள் பக்கத்திலிருந்து வேறு விளக்கமும் வந்திருக்கிறது: சோதனைப் பதிவுக்குக் காசு தரமாட்டோம் என்று கம்பெனி சொன்னது, சும்மா வாசிக்க மாட்டோம் என்று இவர்கள் சொன்னார்கள். எனக்கு இரண்டாவதுதான் நம்பும்படி இருக்கிறது. ஊர் ஊராகப் போய் வாசித்துப் பிழைத்தவர்கள் அவர்கள். கூலி இல்லாத வேலையை மறுப்பதில் என்ன விநோதம்? அந்த நியாயமான மறுப்பை ஒருவரின் பயமாகவும் மமதையாகவும் மாற்றிச் சொன்னால் கேட்கச் சுவாரசியமாக இருக்கும், கம்பெனி மேலும் பழி விழாது.

கெப்பார்ட் தட்டில் கிடைப்பது 1923-க்கு அப்புறம்தான். 1926-இல் பாரமவுண்ட் நிறுவனத்துக்கு வாசித்த ‘ஸ்டாக்யார்ட்ஸ் ஸ்ட்ரட்’ கேளுங்கள். உச்சத்தில் இருந்த காலம் போய்விட்டது, ஆனாலும் அந்த அழுத்தம், அந்தக் கறார் தெரிகிறது.

மெழுகுமனிதன் எழுதியது:

எல்லோரும் கலைஞர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். பதிவு செய்த முறையைப் பேசாமல் இந்தத் தட்டுகளை எடைபோட முடியாது. பழைய கிராமபோன்களைப் பழுது பார்ப்பவன் என்ற முறையில் கொஞ்சம் சொல்கிறேன்.

1925 வரை மைக் கிடையாது. சுவரிலிருந்து ஒரு பெரிய கூம்பு நீட்டிக்கொண்டிருக்கும். எல்லோரும் அதை நோக்கி வாசிக்க வேண்டும். ஒலி கூம்பின் அடியில் இருக்கிற மெல்லிய தகட்டை அதிரச் செய்யும். தகட்டோடு இணைந்த ஊசி, சுழலும் மெழுகுத்தட்டில் கோடு கீறும். மின்சாரத்தால் பெருக்குவது என்ற பேச்சே இல்லை. அறையில் இருந்த ஒலியின் பலத்தால் மட்டுமே அந்தக் கோடு விழுந்தது. மெழுகு இளகியிருக்க வேண்டும் என்பதற்காக அறையைச் சூடாக வைத்திருப்பார்கள். வியர்த்துக் கொட்ட வாசித்தார்கள் என்று பலர் நினைவுகூர்ந்திருக்கிறார்கள்.

இதில் மூன்று விளைவுகள். வாத்தியங்களின் அளவைக் கூட்டிக் குறைக்க ஒரே வழி ஆட்களை நகர்த்தி நிறுத்துவது. பியானோ கூம்புக்குப் பக்கத்தில், கிளாரினெட் அதற்கு அடுத்து, கார்னெட்டும் டிரம்ஸும் அறையின் கடைக்கோடியில். 1917 விக்டர் பதிவில் இந்த நிறுத்தல் எவ்வளவு நுணுக்கமாகச் செய்யப்பட்டது என்பது ஐந்து வாத்தியமும் தனித்தனியாகக் கேட்பதிலேயே தெரிகிறது. அந்தப் பொறியாளரின் காதுக்கு ஒரு வணக்கம்.

இரண்டாவது, கீழ்ச்சுருதியும் பெரிய அதிர்வும் கூம்புக்கு ஆகாது. பாஸ் டிரம்மை ஓங்கி அடித்தால் ஊசி குழியை விட்டுத் துள்ளிவிடும். அதனால் டிரம்ஸ்காரர்கள் மரக்கட்டையையும் மாட்டுமணியையும் தட்டிக்கொண்டு நிற்பார்கள். டபுள் பாஸுக்குப் பதில் டியூபா வரும், அல்லது பாஸ் வாசிப்பவர் பாஞ்சோவை எடுத்துக்கொள்வார். ‘ஆதி ஜாஸில் டிரம்ஸ் டொக் டொக் என்று இருக்கும்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நடனக் கூடத்தில் அது இடி மாதிரி இருந்தது.

மூன்றாவது, நேரம். 10 அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய 3 நிமிடம். கூடத்தில் கால் மணி நேரம் நீளக்கூடிய பாட்டை அதற்குள் அடக்க வேண்டும். எந்த இடத்தை வெட்டுவது, யாருக்கு எத்தனை சுற்று என்பதெல்லாம் முன்பே முடிவாகிவிடும். கிளாரினெட்பிரியன் ‘ஒத்திகை பார்த்தது’ என்றாரே, அதில் பாதிப் பொறுப்பு இந்த 3 நிமிடத்துக்கு உண்டு.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வழி: டிக்ஸிலேண்ட் ஐவரில் உயிரோடு இருந்தவர்கள் 1936-இல் மறுபடி சேர்ந்து இதே பழைய பாட்டுகள் சிலவற்றை விக்டருக்காக மைக் வைத்துப் பதிவு செய்தார்கள். ‘ஒன் ஸ்டெப்’பின் இரண்டு பதிப்பையும் அடுத்தடுத்துப் போடுங்கள். ஸ்பார்பரோ உண்மையில் எவ்வளவு பெரிய டிரம்மர் என்பது 1936-இல்தான் புரியும்.

தெற்குவாசல் எழுதியது:

மெழுகுமனிதன், இதைத் தனி இழையாகவே போடலாம். நன்றி.

விக்டர் தட்டின் வழக்கு விவகாரத்தை யாராவது சொல்லுங்கள். அது முக்கியம்.

கிளாரினெட்பிரியன் எழுதியது:

சொல்கிறேன். ‘லிவரி ஸ்டேபிள் புளூஸ்’ யாருடையது என்று 1917-இலேயே சிகாகோ நீதிமன்றத்துக்குப் போனார்கள். இந்தக் குழுவில் முன்பு கிளாரினெட் வாசித்த ஆல்சைட் நூனியெஸும் ரே லோபஸ் என்பவரும் தங்கள் பெயரில் அந்தப் பாட்டின் இசைத்தாளை அச்சடித்து விற்றார்கள். லராக்கா தரப்பு தங்களுடையது என்றது. அவர்கள் வைத்த பெயர் ‘பார்ன்யார்ட் புளூஸ்’, தட்டில் வேறு பெயர் அச்சாகிவிட்டது. கடைசியில் நீதிபதி கார்ப்பென்டர் இரண்டு தரப்புக்கும் உரிமை இல்லை என்று தள்ளுபடி செய்துவிட்டார். மறுபக்கமும் தப்பவில்லை. ‘ஒன் ஸ்டெப்’பின் ஒரு பகுதி ஜோ ஜோர்டன் என்ற கறுப்பின இசையமைப்பாளரின் ‘தட் டீசின் ராக்’ என்று புகார் வந்தது. பிறகு அச்சான தட்டுகளின் லேபிளில் அந்தப் பாட்டின் பெயரையும் ஜோர்டனின் பெயரையும் சேர்க்க வேண்டியதாயிற்று.

தெற்குவாசல் எழுதியது:

அதைத்தான் சொல்ல வந்தேன். முதல் ஜாஸ் தட்டின் ஒரு பக்கத்தில், பிந்தைய அச்சிலாவது, ஒரு கறுப்பின இசையமைப்பாளரின் பெயர் நிற்கிறது. இதை எந்தப் பட்டியலும் சொல்வதில்லை.

எதிர்த்திசையிலும் ஒன்று உண்டு. முதல் உலகப் போரில் பிரான்சில் 369-ஆவது காலாட்படையின் வாத்தியக் குழுவை நடத்திவிட்டு வந்த யூரோப், 1919-இல் பாதே நிறுவனத்துக்காக நிறையப் பதிவு செய்தார். அதில் ‘கிளாரினெட் மார்மலேட்’ என்ற பாட்டும் உண்டு. எழுதியவர்கள் டிக்ஸிலேண்ட் குழுவின் ஷீல்ட்ஸும் ரேகஸும். ஆக இருபக்கமும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். அந்தப் பதிவு நடந்த சில நாட்களுக்குள், மே 9 அன்று, பாஸ்டனில் கச்சேரி இடைவேளையில் தன் குழுவின் டிரம்மர் ஒருவராலேயே யூரோப் குத்திக் கொல்லப்பட்டார். அவர் 1920-களைப் பார்த்திருந்தால் இந்தச் சரித்திரமே வேறு மாதிரி எழுதப்பட்டிருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஊசிமுனை எழுதியது:

மழைத்தாரையின் முக்கியமான கேள்வி இன்னும் பாக்கி இருக்கிறது: ஏன் 6 வருடம்?

பாதிக் காரணம் எல்லோருக்கும் தெரிந்தது. கறுப்பின மக்கள் இசைத்தட்டு வாங்குவார்கள் என்று பெரிய நிறுவனங்கள் நினைக்கவே இல்லை. வெள்ளையர் வீட்டுக் கூடத்தில் ஒலிக்க என்ன வேண்டுமோ அதைத்தான் அச்சடித்தன. மீதிப் பாதியை யாரும் பேசுவதில்லை. அது காப்புரிமை.

தட்டில் ஊசி இடவலமாக அசையும்படி கோடு கீறும் முறை விக்டர், கொலம்பியா இரண்டின் பிடியில் இருந்தது. மற்ற நிறுவனங்கள் ஊசி மேலும் கீழும் அசையும் முறைக்குப் போக வேண்டியிருந்தது. அந்தத் தட்டு வீட்டில் இருக்கிற சாதாரண விக்டர் கிராமபோனில் ஒழுங்காகப் பாடாது. டிக்ஸிலேண்ட் ஐவரே 1917-இல் ஈயோலியன் நிறுவனத்துக்கும் பல பாட்டுகளைப் பதிவு செய்தார்கள். அந்தத் தட்டுகள் அதிகம் பேரை எட்டாததற்கு இந்தக் கீறல் முறை ஒரு பெரிய காரணம்.

1919-இல் இண்டியானா மாநிலம் ரிச்மண்டில் இருந்த ஸ்டார் பியானோ நிறுவனம் தன் ஜெனட் தட்டுகளைத் துணிந்து இடவல முறைக்கு மாற்றியது. விக்டர் வழக்குப் போட்டது. மற்ற சிறிய நிறுவனங்களும் ஸ்டார் பக்கம் நின்றன. 1920-களின் தொடக்கத்தில் விக்டர் தோற்றது. கதவு திறந்தது. யார் வேண்டுமானாலும் எல்லா வீட்டிலும் ஓடக்கூடிய தட்டை அச்சடிக்கலாம் என்று ஆனது. பெரிய பாடகர்கள் எல்லாம் விக்டரிடம் ஒப்பந்தத்தில் இருந்தார்கள். சிறியவர்கள் என்ன செய்வார்கள்? விக்டர் கண்டுகொள்ளாதவர்களைத் தேடிப் போனார்கள்.

அதே சமயம் சந்தை பற்றிய நம்பிக்கையையும் ஒரு பெண் உடைத்தார். 1920 ஆகஸ்ட் 10, ஓகே நிறுவனம், மேமி ஸ்மித், ‘கிரேசி புளூஸ்’. பெரி பிராட்ஃபோர்ட் என்ற கறுப்பினப் பாடலாசிரியர் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கிப் போராடி நடத்திய பதிவு அது. முதல் மாதத்திலேயே 75,000 தட்டுகள் விற்றதாகச் சொல்லப்படுகிறது. கறுப்பின மக்கள் கடை வாசலில் வரிசையில் நின்று வாங்கினார்கள். அதுவரை ‘வாங்க மாட்டார்கள்’ என்று சொன்னவர்கள் எல்லோரும் மறுநாளே புளூஸ் பாடகிகளைத் தேடி ஓடினார்கள். 1921-இல் ஹாரி பேஸ் தொடங்கிய பிளாக் ஸ்வான் என்ற கறுப்பினத்தவரின் சொந்த நிறுவனம் வந்தது. பின்னாளில் பெரிய ஜாஸ் குழுத் தலைவரான ஃப்ளெட்சர் ஹெண்டர்சன் அங்கேதான் பியானோவில் உட்கார்ந்தார்.

1922-இல் லாஸ் ஏஞ்சலீஸ் பக்கம் கிட் ஓரியின் குழு, நார்ட்ஸ்காக் என்ற மிகச் சிறிய லேபிளுக்குப் பதிவு செய்தது. நியூ ஆர்லியன்ஸின் கறுப்பின ஜாஸ் குழு ஒன்று தட்டில் வந்தது அப்போதுதான். அந்தத் தட்டுகளை விற்ற ஸ்பைக்ஸ் சகோதரர்கள் நார்ட்ஸ்காக் லேபிளின் மேல் தங்கள் சன்ஷைன் லேபிளை ஒட்டி விற்றார்கள். பட்டியல்களில் ‘முதல்’ என்று ஒன்றைத் தடித்த எழுத்தில் போடத்தான் வேண்டும் என்றால், ‘ஓரிஸ் கிரியோல் டிராம்போன்’ தட்டுக்குப் பக்கத்திலும் அதைப் போடச் சொல்வேன்.

மெழுகுமனிதன் எழுதியது:

ஆலிவருக்கு வந்துவிட்டோம். அவர் பதிவு செய்த ஜெனட்டின் ரிச்மண்ட் ஸ்டூடியோவைப் பற்றி நான் சொல்கிறேன்.

பியானோ தொழிற்சாலை வளாகத்துக்குள் ஓர் எளிய கட்டடம். பக்கத்திலேயே ரயில் பாதை. ரயில் வந்தால் பதிவை நிறுத்திக் காத்திருக்க வேண்டும். 1923 ஏப்ரல் 5, 6 தேதிகளில் ஆலிவரின் கிரியோல் ஜாஸ் பேண்ட் சிகாகோவிலிருந்து ரயிலில் வந்து இங்கே 9 பாட்டுகளைப் பதிவு செய்தது. ஆலிவர், லூயி ஆம்ஸ்ட்ராங் இருவரும் கார்னெட், ஜானி டாட்ஸ் கிளாரினெட், ஆனரே டுட்ரே டிராம்போன், லில் ஹார்டின் பியானோ, பில் ஜான்சன் பாஞ்சோ, பேபி டாட்ஸ் டிரம்ஸ். பில் ஜான்சன் உண்மையில் பாஸ் வாசிப்பவர், நான் மேலே சொன்ன காரணத்தால் கையில் பாஞ்சோ. பேபி டாட்ஸ் பெரும்பாலும் மரக்கட்டை.

ஆம்ஸ்ட்ராங்கின் ஒலி மற்ற எல்லோரையும் மூழ்கடித்துவிட்டதால் அவரை மட்டும் பின்னால் தள்ளி, ஏறக்குறைய 15 அடி தூரத்தில் நிறுத்தினார்கள் என்று லில் ஹார்டின் பின்னாளில் சொன்னார். குழுத் தலைவருக்குப் பக்கத்தில் நிற்க முடியாமல் மூலையில் நின்றவருக்கு 21 வயது. ‘சைம்ஸ் புளூஸ்’ பாட்டில் அவர் வாசிக்கிற தனி ஆவர்த்தனம்தான் அவருடைய முதல் சோலோ பதிவு. ‘டிப்பர்மவுத் புளூஸ்’ பாட்டில் ஆலிவர் அடைப்பான் வைத்து வாசிக்கும் மூன்று சுற்றுகளை அடுத்த 20 வருடம் எல்லா டிரம்பெட்காரர்களும் மனப்பாடம் செய்தார்கள். அதே பாட்டில் பேபி டாட்ஸ் தன் இடத்தை மறந்துவிட, பில் ஜான்சன் “ஓ ப்ளே தட் திங்!” என்று கத்தி இடைவெளியை நிரப்பினார். அந்தக் கத்தல் பாட்டின் அங்கமாகவே ஆகிவிட்டது.

அதே நிறுவனம் அதே காலத்தில் கூ க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பினரின் தட்டுகளையும் காசு வாங்கிக்கொண்டு அச்சடித்துக் கொடுத்தது. இண்டியானாவில் அவர்கள் கை ஓங்கியிருந்த நேரம் அது. அந்த ஊருக்கு ரயிலேறிப் போய்த்தான் இந்த ஏழு பேரும் வாசித்துவிட்டு வந்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

கிளாரினெட்பிரியன் எழுதியது:

அதே அறையில் 1922 ஆகஸ்டில் வெள்ளையர் குழுவான நியூ ஆர்லியன்ஸ் ரிதம் கிங்ஸ் பதிவு செய்தது. 1923 ஜூலையில் அவர்களோடு ஜெல்லி ரோல் மார்ட்டன் என்ற நியூ ஆர்லியன்ஸ் கறுப்பினக் கலைஞர் பியானோவில் உட்கார்ந்தார். இரு இனத்தவரும் சேர்ந்து வாசித்த ஆரம்பகால ஜாஸ் பதிவு அது. ரிதம் கிங்ஸ் குழுவின் லியோன் ரப்போலோவின் கிளாரினெட்டைக் கேட்காமல் யாரும் இந்த இழையை மூட வேண்டாம்.

மழைத்தாரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. எந்த வரிசையில், எங்கே கேட்பது என்று மட்டும் சொல்லிவிடுங்கள். ஒரே பாட்டு ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு சுருதியில் கேட்கிறது.

ஊசிமுனை எழுதியது:

1923 முடிய வெளியான பதிவுகள் அமெரிக்கச் சட்டப்படி இப்போது பொதுவுடைமை. 1922 வரை உள்ளவை 2022 ஜனவரியிலும், 1923-ஐச் சேர்ந்தவை 2024 ஜனவரியிலும் விடுபட்டன. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் ‘நேஷனல் ஜூக்பாக்ஸ்’ தளத்தில் பழைய விக்டர் தட்டுகளை இலவசமாகக் கேட்கலாம். இன்டர்நெட் ஆர்கைவ் தளத்தில் மற்ற நிறுவனங்களின் தட்டுகளும் இருக்கின்றன.

வரிசை: யூரோப் 1913, டிக்ஸிலேண்ட் 1917, மறுபடி யூரோப் 1919, மேமி ஸ்மித் 1920, ஓரி 1922, ரிதம் கிங்ஸ், அப்புறம் ஆலிவர்.

மெழுகுமனிதன் எழுதியது:

சுருதி மாறுவதற்குக் காரணம் வேகம். நிமிடத்துக்கு ‘78’ சுற்று என்பது பேருக்குத்தான். ஒவ்வொரு ஸ்டூடியோவும் கொஞ்சம் முன்னே பின்னே சுழற்றியது. பதிவேற்றுகிறவர் வேகத்தைச் சரிசெய்தாரா என்று பாருங்கள். இரைச்சலை முழுக்கத் துடைத்த பதிப்புகளையும் தவிர்த்துவிடுங்கள், இரைச்சலோடு சேர்ந்து கிளாரினெட்டின் மேல்சுருதியும் போய்விடும்.

ஆலிவரைக் கேட்கும்போது ‘ஸ்னேக் ராக்’ பாட்டை இரண்டு தரம் கேளுங்கள். ஒன்று ஏப்ரலில் ஜெனட்டுக்கு, இன்னொன்று ஜூனில் சிகாகோவில் ஓகேவுக்கு. ஓகே பதிவு தெளிவாக இருக்கும், இரண்டு கார்னெட்டும் ஒன்றாகச் சேர்ந்து இறங்குகிற இடங்கள் பளிச்சென்று கேட்கும். ஜெனட்டின் மூலத் தகடுகளில் பெரும்பாலானவை பழைய உலோகமாக விற்கப்பட்டுவிட்டதால் நாம் கேட்பது யாரோ வீட்டில் தேய்ந்த தட்டுகளைத்தான். ஆலிவர் அதே வருடம் அக்டோபரில் ஜெனட்டுக்கு வாசித்த ‘ஜூலூஸ் பால்’ தட்டில் அறியப்பட்ட பிரதி ஒன்றே ஒன்று. அதுவும் நன்றாகத் தேய்ந்தது, காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள்.